எழுத்துக்கும் இனமுத்திரையா?

அச்செழுத்துக்குக் குலம் உண்டா? கோத்திரம் உண்டா? இல்லை என்பர் அறிவுடையோர். உண்டு என்கிறது வாணிப உலகம். இதற்குச் சான்று, 'நொய்லாண்ட்' என்னும் அச்செழுத்தின் கதை.

ஜெர்மனியின் ஓஃபன்பாக் நகரத்துக் கிளிங்ஸ்போர் வார்ப்பகத்துக்காக, 1923இல் ருடோல்ஃப் கோஹ் என்னும் கலைஞர் இதனை ஆக்கினார். தாளில் முன்கூட்டி வரைந்துகொள்ளாமல் உலோகத்திலேயே நேராகச் செதுக்கினார். ஒவ்வோர் அளவையும் தனித்தனியே வெட்டியதால், ஓர் அளவின் எழுத்து மற்றோர் அளவை அப்படியே ஒத்திருப்பதில்லை. தடித்த உடல், கூர்த்த கோணம், உளி பட்டாற்போன்ற விளிம்பு! பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. சிறிய எழுத்துகள் இல்லை. பக்கம் பக்கமாகக் கோத்தால் கண் களைக்கும். தலைப்பில் நான்கு சொற்களாக நின்றாலோ, தெருக்கோடியில் நிற்பவனையும் அழைக்கும். இதுவே அதன் குறை. இதுவே அதன் நிறை.

அந்தப் பெயருக்குப் 'புதுநிலம்' என்று பொருள். ஆனால், அமெரிக்காவுக்குச் சென்ற அந்த எழுத்துக்குக் கிடைத்தது பழைய சிறைதான். ஆப்பிரிக்காவைப் பற்றிய நூலா? கறுப்பின எழுத்தாளரின் புதினமா? அட்டைக்கு இதனை எடு என்பது வழக்கமாயிற்று. 1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் பெயரும் இதே எழுத்தில்தான். சிந்திக்கும் மனிதனின் இலக்கியத்துக்கும், அழிந்துபோன கொடுவிலங்குக்கும் ஒரே சட்டை! இந்தப் போக்கை ராப் ஜியாம்பியெட்ரோ 2004இல் எழுதிய கட்டுரையில் கண்டித்தார்.

இது தற்செயல் என்பீர்களா? 1989இல் கரோல் டுவாம்பிளி 'லித்தோஸ்' என்னும் எழுத்தை உருவாக்கினார். அதன் மூலம் பண்டைக் கிரேக்கக் கல்வெட்டு. அதையும் 'ஆப்பிரிக்க எழுத்து' என்று ஆக்கிவிட்டது வாணிபம்! ஜெர்மானியன் செதுக்கியதும் கிரேக்கன் பொறித்ததும் ஆப்பிரிக்கனின் முகமாம். எத்தியோப்பியாவின் கீயெஸ் எழுத்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறது. 1949இல் சொலமானா காந்தே தம் மக்களின் மொழிக்கென்றே 'ன்கோ' எழுத்தை வகுத்தார். ஆப்பிரிக்கனுக்கு எழுத்து இல்லாமல் இல்லை. அதைக் கேட்டறியும் நாணயம் விற்பவனுக்கு இல்லை.

எழுத்தின் மீது இனத்தைச் சுமத்தும் மடமைக்கு ஜெர்மனியே சாட்சி. பழைய கருப்பெழுத்தைத் தேசப் பெருமை என்று பலர் கொண்டாடிய அந்த நாட்டில், 1941 சனவரியில் நாஜித் தலைமை அதையே 'யூத எழுத்து' என்று தூற்றி விலக்கியது. எழுத்து மாறவில்லை, ஆணையிட்டவனின் வசதி மாறியது.

அப்படியானால் நொய்லாண்டை எரித்துவிடலாமா? வேண்டாம். குற்றம் ஈயத்தில் இல்லை; கோக்கும் கையில் உள்ளது. எழுத்து ஒரு கருவி. அதனாலன்றோ பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் துணிந்து கைக்கொண்டார்! புனிதம் என்று எழுத்தைத் தொழுவதும் தவறு; இழிவு என்று அதை ஒருவர் நெற்றியில் ஒட்டுவதும் தவறு.

சுவரொட்டி எழுதும் இளைஞனே, எழுத்தைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு கேள்வி கேள்: "இது பொருளைச் சொல்கிறதா, பிறப்பைச் சொல்கிறதா?" பொருளைச் சொன்னால் எடு. பிறப்பைச் சொன்னால் கீழே வை.