எட்டு மணி நேரத்தில் சிறுத்தையும் பவளமும்

2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளைத் தொட்டுத் திரும்பும் பயணம் அது. அந்த நாட்களில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கங்களில் இதைப் பற்றிய பேச்சு பலமாக இருந்தது. எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் தம் பேரனுடன் கப்பலேற முடிவு செய்துவிட்டு, மடித்த வண்ணத்தாள் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். கப்பல்காரர்கள் கொடுத்ததன்று, கரையில் இறங்கியபின் சுற்றிக்காட்ட முன்வந்த ஓர் ஏற்பாட்டாளர் அச்சிட்டது. "இதில் எது நடக்கும், எது நடக்காது? பார்த்துச் சொல்லுங்கள், சார்" என்றார்.

அந்தத் தாள் இன்னமும் என் மேசையில் இருக்கிறது. கப்பல் பயணப் பேச்சு எழும்போதெல்லாம் இதே வார்ப்பில் புதிய தாள்கள் வந்துகொண்டிருப்பதால், இதை ஒரு மாதிரியாகக் கொண்டு ஆராய்வது பயனுடையது எனத் தோன்றுகிறது.

தாளில் மூன்று படங்கள். மரக்கிளையில் படுத்திருக்கும் சிறுத்தை. உப்பங்கழியில் வரிசையாக நிற்கும் பூநாரைகள். கண்ணாடி மாட்டிய ஒரு பையன், அவனைச் சுற்றிச் செக்கச் செவேலென்ற பவளம். அதன் கீழே நிகழ்ச்சி நிரல். முதல் நாள் அம்பாந்தோட்டையில் இறங்கி யால, புந்தல என்ற இரண்டு தேசியப் பூங்காக்கள். பின்பு திருகோணமலையில் புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் கோயில். ஒவ்வொரு துறையிலும் காலை 8 மணிக்குக் கப்பல் கட்டப்படும். மாலை 5 மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

முதலில் சிறுத்தையைப் பார்ப்போம். கப்பல் 8 மணிக்குக் கரை தொட்டாலும் பயணிகள் 8 மணிக்குக் கரையில் நிற்பதில்லை. குடிவரவுச் சோதனை, வரிசை, பஸ்ஸில் ஏறுதல் ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரமாவது போகும். அங்கிருந்து யால பூங்காவின் வாயிலுக்குச் சுமார் ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஜீப்புக்கு மாறி, சீட்டு வாங்கி உள்ளே நுழையும்போது மணி பத்தரை. பூங்காவோ காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. அந்த முதல் இரண்டு மணி நேரமும், மாலையில் மூடுவதற்கு முந்திய இரண்டு மணி நேரமுமே சிறுத்தை நடமாடும் வேளை. இரண்டுமே கப்பல் பயணிக்குக் கிடையா. முதலாவது, அவர் கப்பலில் சிற்றுண்டி அருந்தும் நேரம். இரண்டாவது, அவர் கப்பலுக்கு ஓடும் நேரம்.

இது புரிவதற்கு இலங்கைக்குப் போக வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் பகல் 12 மணிக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றவர்களைக் கேளுங்கள். 1985இல் அந்தப் பூங்கா திறந்த நாளிலிருந்து அங்கே கேட்கும் குறை ஒன்றுதான்: "புலி தூங்கிக்கொண்டே இருக்கிறது." பெரிய உடலுள்ள ஊனுண்ணிகள் வெயிலில் ஓடினால் உடல் வெப்பம் ஏறும், அதை வெளியேற்ற நீரும் உழைப்பும் செலவாகும். எனவே நிழலில் கிடந்து வெப்பம் தணிந்தபின் எழுவது சோம்பல் அன்று, சிக்கனம். மான்களும் அவ்வாறே நிழலில் ஒதுங்கிவிடுவதால் அந்த நேரத்தில் வேட்டைக்கும் வேலையில்லை. அடைப்புக்குள் இருக்கும் புலியையே நம்மால் நண்பகலில் எழுப்ப முடியவில்லை. புதர்க்காட்டில் இருக்கும் சிறுத்தையை ஜீப்பிலிருந்து எப்படிக் காண்பது?

இதனால் யால பூங்காவில் ஒரு கேடும் விளைகிறது. நேரம் குறைவாக உள்ளவர்கள் அதிகமாக வரும்போது, எங்கோ ஒரு சிறுத்தை தென்பட்டது என்ற செய்தி தொலைபேசியில் பரவி, ஜீப்புகள் எல்லாம் அந்த ஒரே இடத்துக்கு விரைகின்றன. சிறுத்தையைச் சுற்றி வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் காட்சி அங்கே பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் குறை. அவசரம் கப்பலில் வந்தவருக்கு. அதன் விலை சிறுத்தைக்கு.

பூநாரைப் படத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புந்தல 1990இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இலங்கையின் முதல் சதுப்பு நிலமாகச் சேர்க்கப்பட்ட இடம், பெருமைக்குரியது. ஆனால் வலசைப் பறவைகள் அங்கே தங்குவது ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை. ஜூனில் போய்ப் பூநாரைக் கூட்டத்தைத் தேடுவது, ஜூனில் வேடந்தாங்கல் ஏரிக்குப் போய்க் கூடுகளைத் தேடுவதைப் போன்றது. அதோடு, பாசனத் திட்டத்தின் நன்னீர் புந்தலவின் கழிகளில் கலந்து உப்புத்தன்மை குறைந்ததால் பூநாரைகளின் இரை குன்றி, அவற்றின் வரவும் முன்போல் இல்லை. தாளின் படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டதோ!

இவ்வளவு சொன்னபின், தாளைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. யால, புந்தல இரண்டையும் ஒரே நாளில் திணிப்பதை விட்டு, துறைமுகத்துக்கு அருகிலுள்ள புந்தலவுக்கு மட்டும் போங்கள் என்றேன். சாலையில் மிச்சமாகும் நேரம் காட்டில் கிடைக்கும். வெயில் வேளையில் தெரியும் உயிர்களும் உண்டு. முதலை அவற்றில் தலையாயது. வெளிவெப்பத்தைக் கொண்டே தன் உடலைச் சூடேற்றும் பிராணி ஆதலால், நாம் ஒதுங்கும் வெயிலில் அது வாய் திறந்து கரையில் கிடக்கும். சேற்றில் அமிழ்ந்த எருமை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், தாகத்துக்கு வரும் யானை ஆகியவற்றுக்கும் வாய்ப்புண்டு. சிறுத்தைப் படத்தைப் போட்டு முதலையைக் காட்டுவதுதான் என் குறையே தவிர, முதலை குறைவான பிராணி என்பதன்று. நண்பர் கேட்கவில்லை. "பணம் கட்டியாகிவிட்டது" என்று யாலவுக்கே போனார். யானை பார்த்தார், முதலை பார்த்தார். சிறுத்தை தரிசனம் தரவில்லை.

திருகோணமலைப் பகுதிக்கு வருவோம். இங்கே தாளுக்கு ஒரு பாராட்டும் உரியது: ஜூன் மாதம் புறாத்தீவுக்கு மிகப் பொருத்தமானது. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் மோதி அலையெழுப்புகிறது. கிழக்குக் கரையை அடையும்போது அது நிலத்தைக் கடந்து வந்த காற்று. கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அலை வளர்வதற்கு வேண்டிய நீண்ட நீர்ப்பரப்பு கரையோரத்தில் அதற்குக் கிடைப்பதில்லை. கச்சான் என்று மீனவர் அழைக்கும் இந்தக் காற்றும் பகல் ஏறஏற வலுப்பதால், காலை நேரமே தெளிவானது. வாடைக் காலமாகிய நவம்பர், டிசம்பரில் இதே கடல் கொந்தளித்துக் கலங்கிவிடும். அப்போது இந்தத் தாளைக் கொடுத்தால் அது பிழை.

புறாத்தீவு, நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் உள்ள சிறு தீவு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல்நீர் சூடேறி இலங்கையின் பெரும்பாலான பவளத்திட்டுகள் வெளுத்து மடிந்தபோது, திருகோணமலைப் பக்கத்துப் பவளங்கள் பெரும்பாலும் தப்பின. சூட்டுக்குத் தப்பியது மனிதனின் காலடிக்குத் தப்புமா என்பதே இப்போதைய கேள்வி.

தாளில் 'ஸ்நார்க்கலிங் - நீச்சல் தெரியாதவர்களும் கலந்துகொள்ளலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியே தாளின் மிகப் பெரிய குற்றம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் பொருத்தி, முகத்தை நீருக்குள் வைத்து மிதந்தபடி அடியில் உள்ளதைப் பார்ப்பதே இந்த விளையாட்டு. குழாய் ஏன் ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இல்லை என்று மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 100 கிராம் கூடுகிறது. மார்பின் பரப்பை 1000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூச்சிழுப்பதற்குச் சமம். குழாய் நீண்டால், நாம் விட்ட காற்றையே மறுபடி இழுக்க நேரும் என்பது இன்னொரு இடர். ஆகவே மேற்பரப்பில் பதற்றமின்றி மிதக்கத் தெரிந்தவருக்கே இது உகந்தது.

பழகாதவர் என்ன செய்கிறார்? கண்ணாடிக்குள் சிறிது நீர் புகுந்ததும் பயந்துபோய்க் கால் ஊன்ற இடம் தேடுகிறார். ஆழம் குறைந்த இடத்தில் கிடைக்கும் இடம் பவளம்தான். வேகமாக வளரும் கிளைப்பவளமே ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்தான் வளரும். உருண்டைப் பவளத்துக்கு ஒரு சென்டிமீட்டரே பெரிது. ஒரு பயத்தின் ஒரு கணம், பல ஆண்டு வளர்ச்சியை ஒடித்துவிடும்.

கரையில் பழகிக்கொள்ளலாமே என்றால், நம் கோவளம், நீலாங்கரைக் கடல் அதற்கு ஆகாது. அலை மடிந்து விழும் கரை. இழுப்பு நீரோட்டம் உண்டு. மணல் கலங்கிய நீரில் கைவிரலே தெரியாது. இந்தக் கலங்கலால்தான் சென்னைக் கரையோரம் பவளத்திட்டுகளும் அமையவில்லை. நான் சொன்னது நீச்சல்குளம். இதை மட்டும் நண்பர் கேட்டார். பேரன் புறப்படுமுன் சில வாரங்கள் குளத்தில் கண்ணாடியும் குழாயுமாக மிதந்து பழகினான். கண்ணாடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றக் கற்றுக்கொண்டான்.

கன்னியாவையும் கோயிலையும் அதே நாளில் சேர்த்தது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டும் பார்க்கத் தக்கவையே. ஆனால் மூன்று இடங்களைச் சேர்த்தால் தீவுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். ஒரு மணி நேரமே உள்ளவருக்கு மீனைக் கிட்டத்தில் காட்டியாக வேண்டும்; அதற்குக் குறுக்கு வழி இரை போடுவது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கரீபியன் கடலில் ஒரு சான்று உண்டு. கிராண்ட் கேமன் தீவில் மீனவர்கள் மீன் கழித்த குடலை ஆழமற்ற கழியில் எறிய, திருக்கைகள் அங்கே கூடின. பின்னர் அவ்விடம் உல்லாசக் கப்பல் பயணிகளுக்கான காட்சியிடமாயிற்று. ஆய்வாளர்கள் அந்தத் திருக்கைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, இயல்பில் இரவில் இரை தேடும் அவை, பகலில் இரை தேடுபவையாக மாறியிருந்தது தெரியவந்தது. தனித்துத் திரிபவை கூட்டமாக நெருக்கியடித்து வாழத் தொடங்கியிருந்தன. யால பூங்காவின் சிறுத்தை கப்பலுக்காகத் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கேமன் திருக்கை மாற்றிக்கொண்டது. எது நல்ல சுற்றுலாத் தலம் என்று என்னைக் கேட்டால், சிறுத்தை கண்ணில் படாத யாலவையே சொல்வேன்.

ஊர் திரும்பிய பேரன் ஒரு மாலை வந்தான். வெந்நீரூற்றை விட்டுவிட்டு, காலை முழுவதும் தீவிலேயே கழித்தார்களாம். துடுப்பு நுனி கறுத்த சிறு சுறா ஒன்று அவனைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டதாம். ஆனால் அவனுக்கு ஒரு மனக்குறை. "படத்தில் சிவப்பாக இருந்தது, அங்கே எல்லாம் பழுப்பாக இருந்தது. நடுநடுவே சில கிளைகள் மட்டும் தூய வெள்ளையாக அழகாக இருந்தன" என்றான்.

சிவப்பு ஒளியை நீர் முதலில் விழுங்கிவிடுகிறது. விளக்கொளி பாய்ச்சி எடுத்த படத்தில்தான் அந்தச் சிவப்பு மீளும். பழுப்போ, பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவு சமைத்துத் தரும் நுண்பாசியின் நிறம். அது நலத்தின் அடையாளம். வெள்ளைக் கிளைகளில் அந்தப் பாசி போய்விட்டது. அவற்றில் சில ஏற்கெனவே இறந்தவையாகவும் இருக்கலாம். இதைக் கேட்டதும் அவன் தாளை என்னிடமிருந்து வாங்கி, மூன்றாவது படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.