ரூஜ் அளவீடு: ஒரு விமர்சனம்

ரூஜ் என்பது, கணினி எழுதிய சுருக்கத்தை மனிதர் எழுதிய சுருக்கத்துடன் ஒப்பிட்டு மதிப்பெண் தரும் அளவீடு. சின்-யூ லின் 2004இல் இதை விரிவாக முன்வைத்தார். இது விரைவானது, செலவு குறைந்தது. ஆனால் எண்ணுவது பொருந்தும் சொற்களை, பொருளை அன்று.

மனிதர் எழுதியது "வெள்ளத்தால் பாலம் இடிந்தது" எனக் கொள்வோம். "வெள்ளத்தால் பாலம் இடியவில்லை" என்னும் பொய்ச் சுருக்கத்தில் மூன்றில் இரண்டு சொற்கள் பொருந்துகின்றன. "வெள்ளப்பெருக்கில் பாலம் உடைந்தது" என்னும் சரியான சுருக்கத்தில் ஒன்றுதான். தமிழில் எதிர்மறை வினையோடு ஒட்டிவருவதால், விகுதிகளை நீக்கி வேர்ச்சொற்களை மட்டும் எண்ணினால் பொய்க்கு முழு மதிப்பெண்ணே கிடைத்துவிடும்.

சுருக்கத்தை நம்பிப் பாலத்துக்குச் செல்பவருக்கு இது வெறும் எண் சிக்கல் அன்று. எனவே ரூஜ் மதிப்பெண்ணோடு, மூலத்துடன் ஒப்பிட்ட மனிதச் சரிபார்ப்பும் வேண்டும்.