விளக்குக்கு முன் துணி: மான்ஸ்பீல்டின் ‘பொம்மை வீடு’

ஒரு சிறுகதையில் வரும் மேசையும் நாற்காலியும் கதை நிகழும் இடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடலாம். அக்கதையின் கருத்தையே தாங்கியும் நிற்கலாம். நியூசிலாந்தில் பிறந்த கேத்தரின் மான்ஸ்பீல்டு (1888–1923) எழுதி, 1922-ஆம் ஆண்டில் வெளியான ‘பொம்மை வீடு’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் இல்லங்களில் பொம்மை வீட்டை அணிசெய்வது பெண்மக்களின் கைவேலைகளுள் ஒன்று. கடையில் வாங்கிய சிறு பொருள்களோடு, வீட்டில் எஞ்சிய துணித் துண்டுகளால் தைத்த திரையும் மெத்தையும் விரிப்பும் அங்கே இடம்பெறும். ஓரடிக்கு ஓரங்குலம் என்னும் அளவு இருபதாம் நூற்றாண்டிலேயே பரவலாயிற்று. அதற்கு முன் பொருள்கள் ஒன்றோடொன்று அளவில் பொருந்தாதிருப்பது இயல்பு. இக்கதையிலும் தாய் தந்தைப் பொம்மைகள் வீட்டுக்கு மிகப் பெரியவை. மயங்கி விழுந்தவை போல் விறைத்துக் கிடக்கின்றன. சாப்பாட்டு மேசைமேல் உள்ள சிறு விளக்கு ஒன்றே அவ்வீட்டுக்கு உரியதாய்ச் சிறுமி கெசியாவின் கண்ணுக்குப் படுகிறது.

பர்னல் குடும்பத்துச் சிறுமியர் மூவருக்கு இவ்வீடு பரிசாக வருகிறது. சுற்று வட்டாரத்துக்குப் பள்ளி ஒன்றே. ஆதலால் நீதிபதியின் மக்களும் பால்காரரின் மக்களும் ஒருங்கே பயில்கின்றனர். தோழியர் இருவர் இருவராக வந்து வீட்டைப் பார்த்துச் செல்கின்றனர். வீடு வீடாகச் சென்று துணி வெளுக்கும் ஏழைத் தாயின் மக்களாகிய லில், எல்ஸ் ஆகிய இருவருக்கு மட்டும் அனுமதி இல்லை.

வகுப்பறையில் இக்கதை பெரும்பாலும் விளக்கைக் கொண்டே விளக்கப்படுகிறது. அது நம்பிக்கையின் குறியீடு, பரிவின் ஒளி என்று கூறிப் பாடத்தை முடிப்பது எளிது. இவ்விளக்கம் தவறன்று, ஆனால் குறையுடையது. விளக்குக்கு முன் நோக்கவேண்டியது துணி.

பொம்மை வீட்டின் வரவேற்பறை நாற்காலிகள் பிளஷ் என்னும் மென்மயிர்த் துணியால் ஆனவை; அவற்றின் நிறம் சிவப்பு. சாப்பாட்டறை நாற்காலிகளின் நிறம் பச்சை. சற்றுப் பின்னர் லில் அணிந்துள்ள உடை வருணிக்கப்படுகிறது. பர்னல் வீட்டாரின் பழைய பச்சை மேசைவிரிப்பு அவளுக்கு உடையாகியிருக்கிறது. வேறொரு வீட்டின் சிவப்பு பிளஷ் திரை அவ்வுடையின் கைகளாகியிருக்கிறது. அதே இரு நிறங்கள். அதே பிளஷ் துணி! பொம்மையின் அறையில் அழகாகும் துணி, ஏழைச் சிறுமியின் உடலில் ஏளனத்துக்கு உரியதாகிறது. துணித் துண்டுகளால் பொம்மை வீடு வாழும் வீடாகத் தோன்ற, அத்தகைய துண்டுகளாலேயே உயிருள்ள ஒரு பெண் பிறர் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானாகத் தோன்றுகிறாள். ‘ஏழை’ என்ற சொல்லை ஓங்கி ஒலிக்காமல், நிறங்களைக் கொண்டே ஆசிரியர் இதனை உணர்த்திவிடுகிறார்.

கதையின் இறுதியில், கெல்வி சிறுமியரை விரட்டும் சித்தி பெரில், தனக்கு வந்த மிரட்டல் கடிதத்தால் கலங்கியிருந்தாள் என்னும் செய்தி திடீரெனப் புகுவதைக் குறையாகக் கருத இடமுண்டு. ஆயினும் எளியோரை வெருட்டியதும் அவள் நெஞ்சம் இலேசாவது, கொடுமையின் வேரைக் காட்டுகிறது. அதனினும் நுட்பமானது பள்ளி ஆசிரியையின் நடத்தை. லில் எளிய பூங்கொத்தோடு மேசையருகே வரும்போது, ஆசிரியை மற்றப் பிள்ளைகளை நோக்கி ஒரு தனிப் புன்னகை புரிகிறார். அடிப்பதுமில்லை, வைவதுமில்லை, அப்புன்னகையே போதுமானதாகிறது. கற்பிக்கும் தொழிலில் உள்ளோர் எளிதில் கடந்து செல்லக்கூடாத இடம் இது.

விரட்டப்பட்ட சகோதரியர் சாலையோரம் அமர்கின்றனர். பிறர் அணிந்து கழித்த தொப்பி லில்லின் மடியில் இருக்கிறது. அதிலுள்ள இறகை எல்ஸ் விரலால் வருடிக்கொண்டே, அந்தச் சிறு விளக்கைத் தான் கண்டுவிட்டதாகச் சொல்கிறாள். கழிபொருளைத் தொடும் விரலும் விளக்கைக் கண்ட கண்ணும் ஒரே குழந்தைக்கு உரியவை. விளக்கையும் துணியையும் ஆசிரியர் இணைக்கும் இடம் இதுவே. விளக்கு எதைக் குறிக்கிறது என்று மாணவரைக் கேட்குமுன், லில் எதை உடுத்தியிருக்கிறாள் என்று கேட்பதே இக்கதைக்குள் நுழையும் வழியாகும்.