கல்லின் மெருகை மீட்கும் கை

சமையல் மேடைக்கு கிரானைட் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். புளியும் எலுமிச்சையும் தயிரும் புழங்கும் இடத்துக்கு அதுவே தோது. ஆனாலும் மக்ரானா வெள்ளை மார்பிளின் அழகில் மயங்கி அதையே பதித்தவர்கள் உண்டு. சில வருஷங்களில் அந்த மேடை முழுக்க மங்கல் வட்டங்களும் மஞ்சள் கறையும் கீறலுமாகிவிடும். அதை மீட்டெடுக்கும் தொழிலைப் போல, பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை வேறொன்றை நான் கண்டதில்லை.

தேர்ந்த மேஸ்திரி வந்ததும் மெஷினை எடுக்கமாட்டார். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கல்லின் மேல் சாய்வாக அடித்துப் பார்ப்பார். நேர்ப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த பழுதுகள் அப்போது இரண்டு இனமாகப் பிரியும். எண்ணெயோ மஞ்சளோ நுண்துளைக்குள் இறங்கியிருந்தால் கறை. புளிப்பு பட்டு மெருகு போயிருந்தால் அரிப்பு. மார்பிள் பெரும்பாலும் கால்சைட். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். கறையில் கல்லுக்குள் வேண்டாதது சேர்ந்திருக்கிறது. அரிப்பில் கல்லே குறைந்திருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாதவர் கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கல்லைத்தான் வீணாக்குவார்.

கறைக்குப் பத்துதான் மருந்து. உறிஞ்சும் களிமண் பொடியை, எண்ணெய்க் கறையானால் அசிட்டோனிலும் மஞ்சளானால் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுவார்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால், காய்கிற மண் கறையை மேலே இழுத்துக்கொள்ளும். தாஜ்மகாலின் மக்ரானா கல்லில் படிந்த மாசை எடுக்கத் தொல்லியல் துறையும் முல்தானி மிட்டி என்னும் களிமண்ணைத்தான் பூசுகிறது.

அரிப்புக்கும் கீறலுக்கும் வைரத்தூள் பதித்த தேய்ப்புப் பேட். கீறல் ஆழமானால் 200ஆம் நம்பர், மேலோட்டமான மங்கலுக்கு 400; அங்கிருந்து 800, 1500, 3000 என்று தண்ணீர் விட்டபடியே ஏறவேண்டும். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கோடுகளை அழிக்கிறது. நடுவில் ஒன்றைத் தாண்டினால், கடைசிப் பளபளப்புக்கு அடியில் அந்தக் கோடுகள் எட்டிப்பார்க்கும். வேலையின் சூட்சுமம் இன்னொன்றில் இருக்கிறது: பழுதான இடத்தில் மட்டும் அழுத்தினால் அங்கே குழி விழுந்துவிடும். அதனால் நல்ல கை ஒவ்வொரு நம்பரிலும் வட்டத்தைச் சற்று அகலமாக்கி, ஓரத்தில் அழுத்தத்தைத் தளர்த்திக்கொண்டே போகும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று விரலால் தடவினாலும் தெரியாது. முடிவில் ஆக்சாலிக் அமிலப் பொடியைத் தூவி ஈரப் பேடால் தேய்க்கும்போது மெருகு மேலெழுந்து வரும்.

விரிசலும் உடைந்த விளிம்பும் வேறு வித்தை. எபாக்சியில் மார்பிள் தூளும் துளி நிறமும் கலந்து நிரப்பி, கெட்டிப்பட்டபின் மட்டத்துக்குச் சீவுவார்கள். சாம்பல் ரேகை ஓடும் இடத்தில் விரிசல் விழுந்திருந்தால், நிரப்புவதையும் ரேகையின் நிறத்திலேயே, அதன் போக்கிலேயே கொண்டுபோவார்கள். உடைந்த கோடு கல்லின் சொந்தக் கோடாகிவிடும்.

வேலையின் தரத்தைச் சோதிக்க, மேடையில் விழும் ஜன்னல் கம்பியின் பிரதிபலிப்பைப் பாருங்கள். செப்பனிட்ட இடத்தைக் கடக்கும்போது அது நெளியக்கூடாது. இத்தனையும் முடித்துவிட்டு, “தினமும் புளி கரைக்கிற வீடு, பளபளப்பு வேண்டாம், மேட் ஃபினிஷில் நிறுத்திக்கலாம், அரிப்பு கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாது” என்று சொல்லும் மேஸ்திரிதான் உயர்ந்தவர். கல்லின் இயல்போடு வீட்டின் சமையலையும் அறிந்தவர் அவர். பளிச்சென்று ஆக்கப் பலருக்குத் தெரியும். இந்த மேடைக்கு எந்த மெருகு போதும் என்று முடிவுசெய்ய அனுபவம் வேண்டும்.