மடன் என்னும் பயிற்சி: வேலூர் ஆணையும் மால்குடி அணிவகுப்பும்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கன் அடியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. இவற்றுள் பேதைமைக்கும் மடனுக்கும் இடையிலான வேறுபாடு நுட்பமானது. பேதைமை அறிவின்மை. மடனோ, பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாதிருத்தல் என உரைமரபு விளக்கும். மடன் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் அகத்திணைத் தலைவியின் பண்பு என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் இவ்விளக்கத்தைப் படைமுகாமின் அணிவகுப்புத் திடலில் வைத்துப் பார்த்தால் அது வேறு பொருள் பெறுகிறது. காரணம் கேளாமல் ஏற்பதையும் ஏற்றதை விடாமையையும் நற்பண்பாக ஆக்கித் தருவதே அங்கு நடைபெறும் பயிற்சி. படைத்துறை விதிகளைச் சுற்றி எழும் நகைக்கு நிலைக்களன் மடனே என்பது இக்கட்டுரையின் கருத்து. இதற்கு மைசூரோடு தொடர்புடைய பனுவல்கள் சிலவற்றை நோக்கலாம். அவற்றுள் முதலாவது இலக்கியம் அன்று. ஒரு படை ஆணை.

1806ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் படைக்கென ஒரு விதித்தொகுப்பு வகுக்கப்பட்டது. அப்போது தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக். ஆளுநர் வில்லியம் பெண்டிங். சீருடையில் இருக்கும் சிப்பாய் முகத்தில் சாதியைக் காட்டும் குறி இடலாகாது, கடுக்கன் அணியலாகாது, முகவாய் மழித்திருத்தல் வேண்டும் என அதன் ஓர் உட்பிரிவு விதிக்கிறது. இறுதியாக, மேலுதட்டு மயிரின் அளவிலும் வடிவிலும் இயன்றவரை ஒருமை பேணப்பட வேண்டும் என்கிறது. இப்பகுதியை வரலாற்றுச் சான்றாக மட்டுமே படித்துப் பழகியுள்ளோம். உரைநடையாகவும் படித்துப் பார்த்தல் தகும். ‘இயன்றவரை’ என்னும் சொல்லில்தான் நகை உள்ளது. மீசை விதிக்கு அடங்காது என்பது எழுதியவனுக்கு ஒரு கணம் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் எழுதுகிறான். சுபேதாரின் மீசையை அளப்பவன் எவன், அளவுகோலை யார் கையில் கொடுப்பது என்ற வினாக்கள் அவனுக்கு எழவில்லை. இது பேதைமை அன்று. ஐரோப்பியப் படைகளில் கற்ற ஒருமைக் கொள்கையைக் கற்றவாறே பற்றி நின்ற மடன்.

விதியோடு தோற்பட்டை பொருத்திய புதுத் தலைப்பாகையும் வந்தது. பார்வைக்கு அது தொப்பி. தொப்பியோ பரங்கியரின் அடையாளம். அதனை அணிந்தவர்கள் தொப்பிக்காரர் ஆகிவிட்டனர் என்று சுற்றத்தாரும் பிறரும் எள்ளினர். எள்ளல் முதலிய ஒவ்வொன்றையும் தன்கண் தோன்றியது, பிறன்கண் தோன்றியது எனப் பேராசிரியர் இரண்டாக்குவர். வேலூர்ச் சிப்பாயின் நிலை இப்பகுப்புக்கும் எளிதில் அடங்குவதன்று. திடலில் அவன் சிரிக்கக் கூடாது; தெருவில் அவன் சிரிக்கப்படுகிறான். தன்னை எள்ளும் ஊராரோடு சேர்ந்து சிரிக்க வேண்டுமாயின் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கசையடி. அவ்வாண்டு மே மாதத்தில் மறுத்தவர்களுள் இருவருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், தொள்ளாயிரம் கசையடிகள் விதிக்கப்பட்டன. மயிரின் அளவைக் குறிக்கத் தயங்கிய நிருவாகம் கசையடியின் அளவைக் குறிக்கத் தயங்கவில்லை. சூலை 10இல் கோட்டை எழுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியரும் அதனினும் மிகுதியான சிப்பாய்களும் மாண்டனர்.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் மக்கள் இக்கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தனர். எழுச்சிக்குக் காரணம் உடைவிதியா, மைசூர் அரசகுடும்பமா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. விசாரணைக் குழு இரண்டையும் சுட்டியது. தலைப்பாகையும் மீசையும் அற்பமானவை, அவற்றை முதற்காரணமாகச் சொல்வது எழுச்சியின் பெருமையைக் குறைக்கும் என்று கருதுவோர் இன்றும் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று. விதி அற்பமாக இருப்பதே ஆணையின் வலிமையைக் காட்டுகிறது. காரணமுள்ள விதிக்கு ஒருவன் தன் அறிவால் பணியலாம். காரணமற்ற விதிக்குப் பணிபவன் ஆணையிடுவோனுக்கே பணிகிறான். சிப்பாய்கள் இதனைப் புரிந்துகொண்டனர் என்றே கொள்ளவேண்டும்.

இனி ஆர்.கே. நாராயணனின் ‘சுவாமி அண்ட் ஃப்ரண்ட்ஸ்’ (1935). தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாராயணன் மைசூர் மகாராஜா கல்லூரியில் பயின்றவர். அந்நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அவர்தம் நகைச்சுவை மென்மையானது, யாரையும் நோகச் செய்யாதது என்பது வழக்கமான மதிப்பீடு. தொல்காப்பியர் வகையில் சொன்னால், அதனை ‘இளமை’ என்னும் ஒன்றில் அடக்கிவிடுகிறோம். புதினத்தின் பிற்பகுதியில் வரும் டிரில் நிகழ்ச்சி இம்மதிப்பீட்டுக்கு இடந்தருவதில்லை.

போர்டு உயர்நிலைப் பள்ளியில் பாடவேளை முடிந்தபின் டிரில் கட்டாயம். கிரிக்கெட் ஆட்டத்திற்குப் பழக வேண்டிய சுவாமிநாதனுக்கு விலக்குத் தரத் தலைமையாசிரியர் மறுக்கிறார். சிறுவன் மருத்துவர் கேசவனிடம் சென்று தனக்கு ஜன்னி கண்டிருப்பதாகச் சான்று கேட்கிறான். ஜன்னி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. ஏதோ வயிற்றுவலி என்று நினைத்திருக்கிறான். மருத்துவர் சிரிக்கிறார், நாமும் சிரிக்கிறோம். இதுவரை இது பேதைமை பற்றிய நகைதான். ஆயினும் அவன் பொய்யை எங்கே கற்றான் என்று கேட்டால் நகையின் முகம் மாறுகிறது. விதியின் முன் உண்மைக் காரணம் செல்லாது. சான்றிதழ் செல்லும் என்பதைப் பள்ளியே அவனுக்குக் கற்பித்திருக்கிறது. அவன் விதியின் மொழியைப் பேச முயல்கிறான். சொல் மட்டும் தவறிவிடுகிறது. தாம் பேசிவிடுவதாகச் சொன்ன மருத்துவர் பேசவில்லை. பிரம்போடு வகுப்பிற்குள் வரும் தலைமையாசிரியரிடமிருந்து பிரம்பைப் பிடுங்கிச் சன்னல் வழியே எறிந்துவிட்டுச் சுவாமிநாதன் ஓடுகிறான். காட்டில் வழிதவறுகிறான், ஆட்டத்திற்கு வந்துசேர முடியவில்லை, ராஜத்தின் நட்பை இழக்கிறான். ஒரு டிரில் விதி கதையின் முடிவையே தீர்மானித்துவிடுகிறது.

இங்கே ராஜம் கவனத்திற்குரியவன். காவல்துறை அதிகாரியின் மகன், குழுத்தலைவன். தலைமையாசிரியரின் விறைப்பு அவனிடமும் உண்டு. பயிற்சிக்குத் தாமதமாக வரும் நண்பனை அவன் கடிவது ஓர் அதிகாரியின் குரலில்தான். ஆக, சுவாமிநாதன் ஓர் அணிவகுப்பிலிருந்து தப்பி மற்றோர் அணிவகுப்பிற்கு ஓடிக்கொண்டிருந்தவன். இதே புதினத்தில் அந்நியத் துணி எரிப்பில் ஆவேசப்பட்டுத் தன் தொப்பியைத் தீயிலிட்டு, பின்னர் அது கதர்த் தொப்பி என்று தந்தையிடம் அறிந்துகொள்பவனும் அவனே. அணியச் சொல்வோரும் எரிக்கச் சொல்வோரும் தொப்பிக்கு உரியவனைக் கேட்பதில்லை.

நாராயணன் இப்பொருளை விட்டுவிடவில்லை. 1970இல் வெளிவந்த தொகுப்பில் ‘எ பிரெத் ஆஃப் லூசிஃபர்’ என்றொரு கதை உண்டு. கண்கட்டோடு மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிக்குப் பணிவிடை செய்யும் சாம் தன்னைப் பழைய படைவீரன் என்று சொல்லிக்கொள்பவன். உண்மையோ பொய்யோ, அவன் பேச்சில் படையின் மிடுக்கு நிறைந்திருக்கிறது. நோயாளியும் அதில் மகிழ்ந்து பணிகிறான். கட்டு அவிழ்க்கப்படுவதற்கு முன்னிரவில், மதுமயக்கத்தில் சாம் அவனை வெளியே நடத்திச் சென்று இருளில் விட்டுவிடுகிறான். அதுவரை சிரித்துக்கொண்டே படித்து வந்தவர்க்கு அங்கே நகை அச்சமாகத் திரிகிறது. மறுநாள் கண் திறந்த பின்னும், தனக்கு ஆணையிட்ட அக்குரலுக்குரிய முகத்தை நோயாளி காண்பதில்லை.