அடிக்கணக்கும் அழகுணர்வும்

கன்னியாகுமரிக் கடலில் திருவள்ளுவர் சிலை 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறந்து வைக்கப்பட்டது. அன்று முதல் நாளிதழ்களும் வார இதழ்களும் தொலைக்காட்சியும் அச்சிலையைப் பற்றி மக்களுக்கு என்ன கூறி வருகின்றன? உயரம் 133 அடி, எடை 7,000 டன் என்பனவே பெரும்பாலும் முன்னிடம் பெறுகின்றன. வெள்ளி விழாவையொட்டி, சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ஆம் நாள் திறக்கப்பட்டபோது, சிலையினும் பாலமே பேசுபொருளாயிற்று.

எண்கள் பொய்யல்ல, அவற்றிற்குப் பொருளும் உண்டு. பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் அதிகாரங்களையும், அதன்மேல் நிற்கும் உருவத்தின் 95 அடி ஏனைய இரு பால்களின் அதிகாரங்களையும் குறிப்பன. பொருளையும் இன்பத்தையும் அறமே தாங்குகிறது என்பதை அளவுகளே உரைக்கின்றன. ஆயினும் செய்தியில் அவ்வெண், உயரப் போட்டியில் பெற்ற மதிப்பெண்ணாகச் சுருங்கிவிடுகிறது. சிலையை அமைத்த வை. கணபதி ஸ்தபதி அதன் இடையில் மெல்லியதொரு வளைவை வைத்தார். அவ்வளைவினாலேயே அப்பெரும் கற்குவை உயிருள்ள உடலின் நிலையைப் பெறுகிறது. கரையில் நிற்போர் கண்ணுக்கும் இது எட்டக்கூடியதே. ஆனால் எதைக் காண வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

சுசீந்திரத்தின் நிலையும் இதுவே. இசைத் தூண்களின் ஒலியும் அனுமன் சிலையின் 18 அடி உயரமும் சுற்றுலாக் கட்டுரைகளில் தவறாது இடம்பெறும். சிற்பத்தின் நயம் இடம்பெறுவது அரிது. பத்மநாபபுரம் அரண்மனையை 1993-இல் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளத் திரைப்படத்தின் வாயிலாக அறிந்தோர் பலர். அதன் உப்பரிகை மாளிகைச் சுவரோவியங்களை அறிந்தோர் சிலரே.

இவை கோயிலையும் அரண்மனையையும் சார்ந்தவை. திருச்சபைக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்போர் உண்டு. அவர்கள் தம் இல்லத்துச் சுவரை நோக்குவார்களாக. சிகாகோவைச் சேர்ந்த வார்னர் சால்மன் என்பவர் 1924-இல் ஒரு சபை இதழின் அட்டைக்காகக் கிறிஸ்துவின் முகத்தைக் கரிக்கோலால் வரைந்தார். 1940-இல் அதனையே வண்ணத்தில் தீட்டினார். அப்படம் கோடிக்கணக்கான பிரதிகளாக உலகெங்கும் பரவிற்று. அதுவும் அதனையொத்த நாள்காட்டிப் படங்களும் கிறிஸ்துவின் சாயலை நமக்கு வரையறுத்துவிட்டன. ஆல்பிரட் தாமஸ், ஆஞ்சலோ டா பொன்சேகா முதலிய இந்திய ஓவியர் தீட்டிய கிறிஸ்துவைக் காணும் விசுவாசி, "இது இயேசுவைப் போல் இல்லையே" என்கிறார். யாரைப் போல் இல்லை? நாள்காட்டியில் உள்ளவரைப் போல் இல்லை என்பதே அதன் பொருள்.

சொரூபங்களை விலக்கியதால் நம் முன்னோர் வழிபாட்டைக் காத்தனர். அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் கண்ணைப் பயிற்றுவிக்கும் பொறுப்பும் உடன் கைவிடப்பட்டது. வெறுமையான அவ்விடத்தை அச்சகமும் திரையும் நிரப்பின. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் கட்டளையை நம் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். பெசலெயேல் என்னும் கைவினைஞன் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதைக் கூறும் 31-ஆம் அதிகாரத்தைக் குறித்து எத்தனை பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம்?

நாஞ்சில் நாட்டில் இவ்விரு அதிகாரங்களும் சந்திக்கும் ஊர் ஒன்று உண்டு. 1806-இல் ரிங்கல்தௌபே பணி தொடங்கியதும், தென் திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டண்ட் சபை உருவானதும் மயிலாடியிலேயே. கற்சிற்பத்திற்குப் பெயர் பெற்ற ஊரும் அதுவே. ஆலயத்திற்கும் சிற்பக் கூடத்திற்கும் இடையே உள்ள தொலைவு சிறிது; நாமோ அதனைப் பெரிதாக்கிவிட்டோம். வணங்குவது வேறு, உணர்ந்து காண்பது வேறு என்று தெளிந்த ஆசிரியர் ஒருவர், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் அக்கூடத்திற்கு அழைத்துச் செல்லலாம். உயரம் எவ்வளவு என்று கேட்குமுன், கல் எவ்வாறு முகமாகிறது என்பதை அவர்கள் அருகிருந்து காணட்டும்.