வாவியின் இரவும் ஒளிப்படக் கலைஞனும்

மட்டக்களப்பைக் காட்டவேண்டும் என்று எவரேனும் நினைத்தால் ஒரே வகையான ஒளிப்படத்தையே இன்று நம் முன் வைக்கின்றனர். நேரம் இரவு. புளியந்தீவின் பழைய கோட்டைச் சுவரோ கல்லடிப் பாலமோ படத்தின் நடுவே நிற்கும். கரையோர விளக்குகள் வாவி நீரில் பொன்னிறத் தூண்களாக நீண்டு கிடக்கும். நீர் கண்ணாடிபோல் அசைவற்றிருக்கும். மனிதர் எவரும் இரார். நாட்காட்டிகளிலும் சுற்றுலா ஏடுகளிலும் கண்காட்சிச் சுவர்களிலும் இத்தகைய படங்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவை அழகானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அழகு எதனால் உண்டாகிறது, எதை விலக்கிவிட்டு உண்டாகிறது என்று கேட்பது விமர்சனத்தின் கடமையாகும்.

முதலில் இப்படங்களின் நற்பயனைச் சொல்லிவிடுவது நேர்மை. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி இம்மாவட்டத்தின் கட்டடங்களையும் தென்னந்தோப்புகளையும் சிதைத்தெறிந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் வாரிச் சென்றது. இவற்றோடு நீண்ட போர் ஒன்றும் நடந்து முடிந்தது. இவ்வளவு அழிவைக் கண்ட ஊரில், எஞ்சி நிற்கும் ஒரு பழைய சுவரைப் பொறுமையுடன் படம்பிடித்து வைப்பவன் வரலாற்றுக்குத் தொண்டு செய்கிறான். ஊரடங்கும் காவலரண்களும் இரவை மக்களிடமிருந்து பறித்திருந்த காலத்தை நினைவுகூர்வோர்க்கு, ஒருவன் முக்காலியை ஊன்றி நள்ளிரவில் பாலத்தருகே அச்சமின்றி நிற்பதே ஒரு சமாதானச் செய்தியாகத் தோன்றும்.

எனினும், அந்த அசைவற்ற நீர் உண்மையன்று. இரவில் ஒளி குறைவு. ஆதலால் கமராவின் கண்ணைப் பல விநாடிகள், சில வேளை அரை நிமிடமும் அதற்கு மேலும், திறந்து வைக்க வேண்டியுள்ளது. அந்த நேரத்துள் எழுந்து மடியும் சிற்றலைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, இறுதியில் வழுவழுப்பான ஒரு பரப்பாகிவிடுகின்றன. நிற்பவை நிலைக்கின்றன, நகர்பவை மறைகின்றன. கோட்டை நிற்கிறது, பாலம் நிற்கிறது. அவ்வேளையில் வாவியைக் கடந்த தோணி பதிவதில்லை. அதில் விளக்கு இருந்தால் ஒரு கீற்று மட்டும் எஞ்சும். அக்கீற்றையும் குறையென்று கருதி அழித்துவிடுவோர் உண்டு.

ஒளிப்படக் கலை பிறந்த நாளிலேயே இக்கதை தொடங்கிவிட்டது. 1838 இல் லூயி டாகேர் பாரிஸ் நகரின் சனநெரிசல் மிக்க வீதி ஒன்றைப் படம்பிடித்தார். வீதியில் வண்டிகளும் மக்களும் இடைவிடாது சென்றுகொண்டிருந்தனர். ஆனால் ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால் அவர்களில் எவரும் படத்தில் இல்லை. சப்பாத்துக்கு மெருகிடுவதற்காகக் காலைத் தூக்கி வைத்து அசையாது நின்ற ஒருவர் மட்டுமே தெளிவாகத் தெரிகிறார். குனிந்து உழைத்துக்கொண்டிருந்த மெருகிடுபவரின் உருவமோ கலங்கிக் கிடக்கிறது. நிற்க வசதியுள்ளவன் பதிவானான். கையை அசைத்து உழைத்தவன் மங்கினான். இதில் டாகேரின் குற்றம் எதுவுமில்லை. அன்றைய கருவியின் ஆற்றல் அவ்வளவே. இன்றைய கருவிகளோ மிகக் குறைந்த ஒளியிலும் நொடிப்பொழுதில் உருவத்தைப் பிடிக்க வல்லவை. ஆகவே இன்று உழைப்பவன் படத்திலிருந்து மறைவானாயின், அது கருவியின் குறை அன்று, கலைஞனின் தெரிவு.

மட்டக்களப்பு வாவியின் இரவு யாருடையது? பகல் முடிந்ததும் உறங்கும் நீர்நிலை அன்று அது. வீச்சுவலையுடன் மீனவன் இறங்குவதும், விளக்கொளியில் இறால் தேடுவதும் இருட்டிலேதான். வாவியின் புகழ்பெற்ற பாடுமீனை உலகம் அறிந்ததும் இந்த உழைப்பாளரின் வழியாகவே. எமர்சன் டெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது நூலில் அந்த இசையைக் குறித்து எழுதினார். கல்லடியில் வாழ்ந்த விபுலாநந்த அடிகளும் 1947 இல் வெளிவந்த தமது யாழ் நூலில் அதற்கு இடமளித்தார். ஆனால் நிலவுக் காலத்தில் துடுப்பை நீருள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் வழியை எந்த நூலும் கற்பிக்கவில்லை, தோணிக்காரன் கற்பித்தான். அவனுடைய துடுப்பால் கேட்ட இரவை, அவனை நீக்கிவிட்டுக் காட்டுவது எவ்வகையில் நியாயம்?

கோட்டையின் நிலையும் அதுவே. 1628 இல் போர்த்துக்கேயர் அதனைக் கட்டினர். 1638 இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையுடன் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. வாவியைத் தம் அரணாக வைத்துக்கொண்டு உள்நாட்டின் விளைபொருளையும் வாணிகத்தையும் தம் பிடிக்குள் கொண்டுவர வந்தவர்களின் கட்டடம் அது. பிற்காலத்தில் அதனுள் கச்சேரி இயங்கியது. காணிக்கும் நிவாரணத்துக்கும் மனுக்களோடு காத்துநின்ற தலைமுறைகளை அச்சுவர்கள் கண்டிருக்கின்றன. நீரில் விழும் அதன் நிழலை மட்டும் காட்டும் படம், அதிகாரத்தின் வரலாற்றை வெறும் அலங்காரமாக்கிவிடுகிறது.

இன்னும் ஒன்று. வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் எம்மவர் அழைப்பர். நகரமும் கல்லூரிகளும் மின்னொளியும் எழுவான்கரையில் மிகுந்தன. நெல்லும் பாலும் படுவான்கரையிலிருந்து வந்தன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்குள்ள மக்கள் பாதை எனப்படும் மிதவையில் காத்திருந்து நீரைக் கடந்தனர். இரவுப் படங்கள் எப்போதும் எழுவான்கரையின் விளக்குகளையே பார்க்கின்றன. ஒளி இருக்கும் பக்கமே அழகு இருக்கும் பக்கம் என்று கொள்வது, வசதி இருக்கும் பக்கமே வாழ்வு இருக்கும் பக்கம் என்று கொள்வதற்கு ஒப்பாகும்.

இரவை வேறு விதமாகவும் பார்க்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உள. 1930களின் தொடக்கத்தில் பிரஸ்ஸாய் பாரிஸ் நகரின் இரவைப் படம்பிடித்தபோது, மழை நனைத்த கல்வீதிகளின் அழகை விட்டுவிடவில்லை. அவ்வீதிகளில் இரவெல்லாம் வேலை செய்தோரையும் விட்டுவிடவில்லை. அதற்கு முன்பே, 1890 இல் ஜேகப் ரீஸ், நியூயோர்க் நகரின் ஏழைக் குடியிருப்புகளுள் புகுந்து, திடீர் ஒளியைப் பாய்ச்சி எடுத்த படங்களுடன் தம் நூலை வெளியிட்டார். அவருடைய முறையிலும் குறை உண்டு. உறங்கிக் கிடந்தவர்களின் முகத்தில் அனுமதியின்றி ஒளியைப் பாய்ச்சுவது அவர்களை மதிப்பதாகாது. எனவே மீனவனின் வறுமையைத் துரத்திப் படம்பிடியுங்கள் என்று நாம் கூறவில்லை. கோட்டையை மறந்துவிடுங்கள் என்றும் கூறவில்லை.

நாம் கேட்பது எளிது. அரை நிமிடம் திறந்திருக்கும் கமராவை ஒரு தடவையேனும் நொடிப்பொழுதில் மூடிப்பாருங்கள். நீர் சற்றுக் கலங்கித் தெரியும். கருமையில் மணல்போல் புள்ளிகள் தோன்றும். பொன்தூண்கள் உடைந்து சிதறும். ஆனால் அந்தச் சிதறலுக்கு நடுவே தோணியில் நின்று வலையை வீசும் மனிதன் இருப்பான். தோணி கரைக்கு வரும்வரை காத்திருந்து அவனோடு பேசுங்கள். அவன் விரும்பினால் படத்தின் கீழே அவன் பெயரையும் எழுதுங்கள். கோட்டைக்குப் பெயர் உண்டு, பாலத்துக்குப் பெயர் உண்டு. அவ்விரண்டையும் தினமும் கடந்து சென்று எமக்கு உணவு தருபவனுக்கும் பெயர் உண்டு.